கையெழுத்தும் பாடத்திட்டமும்

நுழையும்முன்

ஒரு பள்ளியின் நாள் சில மணி நேரங்களுக்குள் அடங்குவது. அந்நேரத்துக்குள் எதைக் கற்பிப்பது, எதை விடுவது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக முடிவு செய்கிறது. அம்முடிவின் விளைவு உடனே தெரிவதில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது. ஆங்கிலக் கூட்டெழுத்தை அமெரிக்கப் பள்ளிகள் கைவிட்டதும், பின்னர்ச் சட்டம் இயற்றி மீட்டதும் இதற்கு அண்மைக்காலச் சான்று. ஓர் எழுத்துமுறையின் வரலாற்றோடு, பாடத்திட்டம் உருவாகும் விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வகுப்பறையில் எழுந்த ஐயம்

ட்ரூ கில்பின் ஃபாஸ்ட் அமெரிக்க வரலாற்றறிஞர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பணியாற்றியவர். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி அவர் நடத்திய வகுப்பில் மாணவர் ஒருவர் ஒரு நூலைக் குறித்துப் பேசினார். அந்நூலில் போர்க்காலக் கையெழுத்துப் படிகளின் ஒளிப்படங்கள் இடம்பெற்றிருந்தன. நூல் சிறப்பானதுதான் என்றும், ஆனால் அப்படங்களால் தமக்குப் பயனில்லை என்றும் அம்மாணவர் கூறினார். காரணம் எளியது. அவை கூட்டெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அவருக்குக் கூட்டெழுத்தைப் படிக்கத் தெரியாது.

வியப்படைந்த பேராசிரியர், வகுப்பிலிருந்த பிறரையும் வினவினார். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தங்களாலும் படிக்க இயலாது என்றனர். இச்செய்தியை அவர் 2022 அக்டோபரில் 'அட்லாண்டிக்' இதழில் கட்டுரையாக எழுதினார். அம்மாணவர்கள் கல்வியில் பின்தங்கியவர்கள் அல்லர். உலகின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் பெற்றவர்கள். தங்கள் நாட்டில், தங்கள் தாய்மொழியில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கடிதம் ஒன்றைப் பிறர் உதவியின்றி அவர்களால் படிக்க முடியவில்லை. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது?

ஓடும் எழுத்து

எழுதுகோலை அடிக்கடி தூக்காமல், ஒரு சொல்லின் எழுத்துகளை ஒன்றோடொன்று இணைத்து எழுதுவது கூட்டெழுத்து. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'கர்சிவ்' என்னும் பெயர், 'ஓடுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழகப் பள்ளிகளில் நான்கு கோட்டு ஏட்டில் மாணவர் எழுதிப் பழகும் சாய்வான ஆங்கில எழுத்து இவ்வகையைச் சேர்ந்தது. எழுத்துகளைத் தனித்தனியே நிறுத்தி அச்செழுத்தைப் போல எழுதுவதைத் தனியெழுத்து எனலாம்.

கூட்டெழுத்து அழகுக்காக மட்டும் தோன்றியதன்று. கருவியும் அதற்கு ஒரு காரணம். பல நூற்றாண்டுகளாக ஐரோப்பியர் பறவையின் இறகைக் கூராகச் சீவி, மையில் தோய்த்து எழுதினர். இறகு முனையைத் தாளிலிருந்து எடுத்து மீண்டும் வைக்கும்போதெல்லாம் மை சொட்டவும், முனை சிதையவும் வாய்ப்பிருந்தது. எனவே கையைத் தூக்காமல் எழுதுவது தாளையும் காத்தது, நேரத்தையும் மிச்சப்படுத்தியது. வணிகக் கணக்கு, நீதிமன்ற ஆவணம், அரசாணை, தனிமடல் என யாவும் கையாலேயே எழுதப்பட்ட காலத்தில் விரைவு பெருந்தேவையாக இருந்தது.

பின்னர்க் கருவிகள் மாறின. 1870களில் தட்டச்சுப்பொறி விற்பனைக்கு வந்தது. 1938இல் லாஸ்லோ பீரோ பந்துமுனைப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அப்பேனாவைத் தாளிலிருந்து எடுத்து வைத்தாலும் மை சொட்டுவதில்லை. கூட்டெழுத்தைத் தோற்றுவித்த தேவைகளுள் ஒன்று இவ்வாறு மறைந்தது. ஆயினும் பள்ளிகள் அதனைக் கற்பிப்பதை நெடுங்காலம் நிறுத்தவில்லை.

கையைப் பழக்கிய பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் கையெழுத்துக் கல்வியை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் (1800–1864). நீரோட்டம், கூழாங்கல் முதலிய இயற்கைப் பொருள்களின் வளைவுகளைப் பின்பற்றித் தம் எழுத்து வடிவங்களை அவர் அமைத்தார். அவர் பெயரால் வழங்கிய எழுத்துமுறை, அந்நாட்டு வணிக நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் பரவியது.

அந்நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்டின் நார்மன் பால்மர் (1860–1927) வேறொரு முறையை முன்வைத்தார். ஸ்பென்சரின் அலங்கார வளைவுகள் அலுவலக எழுத்தருக்கு உகந்தவையல்ல என அவர் கருதினார். விரல்களை மட்டும் அசைக்காமல், முன்கைத் தசையின் இயக்கத்தால் விரைவாக எழுதும் முறையை 1894இல் நூலாக வெளியிட்டார். பால்மர் முறையைப் பின்பற்றிய பள்ளிகளில் மாணவர் நிமிர்ந்து அமர்ந்து, ஆசிரியரின் எண்ணிக்கைக்கு ஏற்ப நீள்வட்டங்களையும் சாய்கோடுகளையும் பக்கம் பக்கமாக வரைந்தனர். எழுத்துப் பயிற்சி உடற்பயிற்சி போலவே நடைபெற்றது.

அப்பயிற்சிக்கு இரு முகங்கள் உண்டு. எளிய குடும்பத்துப் பிள்ளையும் தெளிவான கையெழுத்து ஒன்றைக் கொண்டே அலுவலக எழுத்தராகலாம் என்னும் வாய்ப்பை அது திறந்தது. அதே வேளையில், எல்லாக் கைகளும் ஒரே வகையில் இயங்க வேண்டும் என அது வற்புறுத்தியது. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைகள் வலக்கையால் எழுதுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். எழுத்து திருந்தாத மாணவர் ஒழுக்கத்திலும் குறையுடையவராகக் கருதப்பட்டதுண்டு.

1920களில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. சிறு குழந்தைகளுக்கு முதலில் தனியெழுத்தைக் கற்பிக்கும் வழக்கம் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது. அச்சுநூலில் காணும் வடிவமும் கையால் எழுதும் வடிவமும் ஒத்திருப்பதால் தொடக்கக் கற்றல் எளிதாயிற்று. அதன்பின், முதலிரு வகுப்புகளில் தனியெழுத்து, மூன்றாம் வகுப்பையொட்டிக் கூட்டெழுத்து என்னும் வரிசை நிலைபெற்றது. பல தலைமுறை அமெரிக்கர் இவ்வரிசையிலேயே எழுதக் கற்றனர்.

> தெரிந்து தெளிவோம்
> 'கொக்கோ கோலா' என்னும் பெயர் இன்றும் எழுதப்படும் சாய்வான, சுழிகள் நிறைந்த வடிவம் ஸ்பென்சர் எழுத்துமுறையைச் சார்ந்தது. 1880களில் அந்நிறுவனத்தின் கணக்காளரான ஃபிராங்க் ராபின்சன் அதனை எழுதினார். அக்கால அலுவலகங்களில் வழங்கிய எழுத்துமுறை ஒன்று இவ்வாறு வணிகச் சின்னமாக நிலைத்துவிட்டது.

பட்டியலில் இல்லாத பாடம்

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான ஒரே பாடத்திட்டம் இல்லை. எதைக் கற்பிப்பது என்பதை மாநிலங்களே முடிவு செய்கின்றன. எனினும் 2002இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு நடத்த வேண்டும் என விதித்தது. தேர்வு முடிவுகளைக் கொண்டு பள்ளிகள் மதிப்பிடப்பட்டன. அதனால் தேர்வுக்குரிய பாடங்களுக்கு நேரம் கூடியது. தேர்வில் இடம்பெறாதவற்றுக்கு நேரம் சுருங்கியது. கையெழுத்து இரண்டாம் வகையில் சேர்ந்தது.

2010இல், மாநில ஆளுநர்களின் கூட்டமைப்பும் மாநிலப் பள்ளிக் கல்வித் தலைமை அலுவலர்களின் கூட்டமைப்பும் இணைந்து 'பொது அடிப்படைத் தரநிலைகள்' என்னும் ஆவணத்தை வெளியிட்டன. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதனை ஏற்றுக்கொண்டன. மழலையர் வகுப்பிலும் முதல் வகுப்பிலும் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளைத் தனியெழுத்தாக எழுதக் கற்க வேண்டும் என அது கூறியது. நான்காம் வகுப்பு மாணவர் ஒரே அமர்வில் குறைந்தது ஒரு பக்கமேனும் விசைப்பலகையில் தட்டச்சு செய்யும் திறன் பெற வேண்டும் என்றும் கூறியது. கூட்டெழுத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அத்தரநிலைகள் கூட்டெழுத்தைத் தடை செய்யவில்லை என்பது நோக்கத்தக்கது. விரும்பும் மாநிலமோ பள்ளியோ அதனைக் கற்பிக்கலாம். ஆனால் பள்ளியின் நாள் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. பட்டியலில் உள்ளவற்றை முடிக்கவே நேரம் போதாதபோது, இல்லாத ஒன்றைக் கற்பிக்கப் பெரும்பாலான பள்ளிகள் முன்வரவில்லை. தடை ஏதுமின்றியே ஒரு பாடம் வகுப்பறையைவிட்டு மறைந்தது.

சட்டத்தின் வழி மீட்பு

சில ஆண்டுகளில் எதிர்ப்பு எழுந்தது. பாட்டி எழுதிய பிறந்தநாள் வாழ்த்தைப் பேரக்குழந்தையால் படிக்க இயலவில்லை எனப் பெற்றோர் முறையிட்டனர். நாட்டின் விடுதலைச் சாற்றுரையும் அரசமைப்புச் சட்டமும் கையால் எழுதப்பட்டவை. அவற்றின் மூலத்தைக் குடிமக்கள் படிக்க முடியாமற்போவது முறையன்று எனச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாதிட்டனர்.

லூசியானா மாநிலம் 2016இல் சட்டம் இயற்றி, மூன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கூட்டெழுத்தைக் கட்டாயமாக்கியது. இல்லினாய் மாநிலத்தில் இது பெரும் விவாதமாயிற்று. தொடக்கப்பள்ளியில் கூட்டெழுத்துக்கென ஓர் அலகேனும் ஒதுக்க வேண்டும் என்ற சட்டவரைவை அம்மாநில ஆளுநர் 2017இல் மறுத்துத் திருப்பியனுப்பினார். நிதி ஒதுக்காமல் பள்ளிகளின் மீது மேலும் ஒரு கட்டளையைச் சுமத்துவது தகாது என்பது அவர்தம் வாதம். சட்டமன்றம் அம்மறுப்பை வாக்கெடுப்பால் கடந்து, அதனைச் சட்டமாக்கியது.

கலிபோர்னியாவில் தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஷேரன் குவர்க்-சில்வா, பின்னர்ச் சட்டமன்ற உறுப்பினரானார். அவர் கொண்டுவந்த சட்டவரைவில் ஆளுநர் 2023 அக்டோபரில் கையொப்பமிட்டார். முதல் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை கையெழுத்துப் பயிற்சியில் கூட்டெழுத்தும் இடம்பெற வேண்டும் என்னும் அச்சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள் ஏதேனும் ஒரு வகையில் கூட்டெழுத்தை வேண்டுகின்றன.

பின்லாந்து வேறு திசையில் சென்றது. 2016இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுப் பாடத்திட்டத்தில் கூட்டெழுத்து கட்டாயம் என்பது நீக்கப்பட்டது. தனியெழுத்தும் விசைப்பலகைத் திறனும் கற்பிக்கப்படுகின்றன. 'பின்லாந்து கையெழுத்தைக் கைவிட்டது' என அப்போது வெளியான செய்திகள் உண்மைக்குப் புறம்பானவை. அங்கு மாணவர் இன்றும் கையால் எழுதுகின்றனர். எழுத்துகளை இணைத்து எழுதுவது மட்டுமே கட்டாயமில்லை.

ஆய்வுகள் கூறுவன

கூட்டெழுத்தை ஆதரிப்போர் மூளையியல் ஆய்வுகளைச் சான்று காட்டுவது வழக்கம். அவ்வாய்வுகள் உண்மையில் எதை நிறுவின என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

இந்தியானா பல்கலைக்கழகத்தின் கேரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. இன்னும் படிக்கக் கற்காத ஐந்து வயதுக் குழந்தைகள் அதில் பங்கேற்றனர். அவர்கள் எழுத்துகளை மூன்று வழிகளில் பழகினர்: கையால் தாமே எழுதினர், புள்ளிக்கோட்டின் மீது வரைந்தனர், விசைப்பலகையில் தட்டினர். பின்னர் அவ்வெழுத்துகளை அவர்களுக்குக் காட்டி மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்தனர். தாமே கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைக் கண்டபோதுதான், படித்தலோடு தொடர்புடைய மூளைப்பகுதிகள் சிறப்பாக இயங்கின. ஒவ்வொரு முறையும் சற்றே கோணலாகவும் மாறுபட்டும் வரும் தன் எழுத்தைக் காண்பதால், ஓர் எழுத்தின் அடிப்படை வடிவம் எது என்பதைக் குழந்தை உணர்கிறது என்பது அவ்வாய்வு தரும் விளக்கம்.

நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில் 36 பல்கலைக்கழக மாணவர்கள் பங்கேற்றனர். மின்னணுப் பேனாவால் கூட்டெழுத்தில் எழுதியபோதும், ஒரு விரலால் தட்டச்சு செய்தபோதும் அவர்களது மூளையின் மின்னியக்கம் பதிவு செய்யப்பட்டது. எழுதும்போது மூளையின் பல்வேறு பகுதிகளுக்கிடையே தொடர்பு மிகுந்திருந்தது.

இவ்விரு ஆய்வுகளும் கையால் எழுதுதலைத் தட்டச்சோடு ஒப்பிட்டன. கூட்டெழுத்தைத் தனியெழுத்தோடு அவை ஒப்பிடவில்லை. முதல் ஆய்வில் குழந்தைகள் எழுதியது தனியெழுத்தே. ஆகவே 'கையால் எழுதுதல் கற்றலுக்குத் துணைபுரிகிறது' என்னும் முடிவுக்கு இவை வலிமை சேர்க்கின்றன. 'கூட்டெழுத்து தனியெழுத்தினும் மேலானது' என்னும் முடிவுக்கு இவற்றில் சான்றில்லை. இதனை உணராமல் கூட்டெழுத்துக்காக வாதிடுவோர், அளந்த பொருள் ஒன்றாகவும் விற்கும் பொருள் வேறாகவும் வைத்திருக்கும் வணிகரை ஒப்பர்.

கற்றல் ஆய்வுகளில் மற்றுமொரு படிப்பினையும் உண்டு. கையால் குறிப்பெடுத்த கல்லூரி மாணவர்கள், மடிக்கணினியில் குறிப்பெடுத்தோரைவிடக் கருத்துகளை நன்கு புரிந்துகொண்டனர் என 2014இல் வெளியான ஓர் ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. பின்னர் அதே சோதனையை மீண்டும் நிகழ்த்தியோருக்கு அத்துணைத் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. ஒரே ஓர் ஆய்வைக் கொண்டு கல்விக்கொள்கையை மாற்றுவது எத்துணை ஆபத்தானது என்பதை இது உணர்த்துகிறது.

ஒரே தலைமுறையில்

மூளையியல் சான்று போதாதெனில், கூட்டெழுத்துக்கு வேறு சான்று உண்டா? செர்மானிய வரலாறு அதற்கு விடை தருகிறது.

செர்மானியர் பல நூற்றாண்டுகளாகத் தங்களுக்கே உரிய கூர்முனைக் கூட்டெழுத்தில் எழுதி வந்தனர். அதன் எழுத்துகள் பிற ஐரோப்பிய நாடுகளில் வழங்கிய வடிவங்களிலிருந்து பெரிதும் வேறுபட்டவை. பிரசிய அரசின் வேண்டுகோளை ஏற்று, லுட்விக் சுட்டர்லின் என்னும் ஓவியர் 1911இல் அதனைப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஏற்ப எளிமையாக்கினார். அவ்வடிவம் பள்ளிகளில் பரவியது. 1941இல் நாசி அரசு அக்கூர்முனை எழுத்துமுறையைப் பள்ளிகளிலிருந்து நீக்கி ஆணையிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் குழந்தைகள் இலத்தீன் வடிவ எழுத்தை மட்டுமே கற்றனர்.

அவ்வாணை நூலகத்தை எரிக்கவில்லை. எந்த ஆவணத்தையும் அழிக்கவில்லை. ஆயினும், போருக்குப் பின் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பரணில் இருந்த கடிதங்களைப் படிக்க இயலாதவர்களாயினர். போர்முனையிலிருந்து தந்தை தாய்க்கு எழுதிய மடல், பாட்டியின் சமையற்குறிப்பு, திருச்சபையின் திருமணப் பதிவேடு ஆகியன கண்முன் இருந்தும் பொருள் தராத கோடுகளாயின. ஹாம்பர்க் நகரில் முதியோர் குழு ஒன்று, பிறர் கொண்டுவரும் பழைய கடிதங்களைப் படித்து இன்றைய எழுத்தில் பெயர்த்துத் தருவதைத் தொண்டாகச் செய்து வந்துள்ளது. தம் வீட்டுக் கடிதத்தைப் படிக்க அயலாரை நாடும் நிலையைப் பாடத்திட்ட மாற்றம் ஒன்று உருவாக்கியது.

அமெரிக்காவிலும் இதனையொத்த முயற்சி நடைபெறுகிறது. வாசிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், தன்னிடமுள்ள கையெழுத்து ஆவணங்களின் மின்படிமங்களைப் படித்துப் பெயர்த்தெழுதத் தன்னார்வலர்களை அழைக்கிறது. விடுதலைப் போர் வீரர்களின் ஓய்வூதிய விண்ணப்பங்களும் அவற்றுள் அடங்கும். கூட்டெழுத்தைப் படிக்கத் தெரிவதே அப்பணிக்குப் பெருந்துணையான திறன்.

ஓலை கற்பிக்கும் பாடம்

படிக்கும் திறன் அறுபடுவதைத் தமிழும் அறியும். பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் வட்டெழுத்து வழங்கியது. சோழர் ஆட்சி பாண்டிய நாட்டில் பரவியபின் அங்குத் தமிழெழுத்து மேலோங்க, வட்டெழுத்து படிப்படியாக வழக்கிழந்தது. அவ்வெழுத்தில் பொறித்த கற்கள் இன்றும் கோயில்களில் உள்ளன. தமிழே அவற்றின் மொழியாயினும், கல்வெட்டுப் பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் அவற்றைப் படிக்க இயலாது.

ஓலைச்சுவடிகளின் நிலையும் இத்தகையதே. திண்ணைப் பள்ளி மாணவர் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னர் எழுத்தாணியால் ஓலையில் எழுதினர். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. சொற்களுக்கிடையே இடம் விடுவதும் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லாமையால், 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஒன்றுபோலவே தோன்றும். இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் பயிற்சி அக்கால மாணவர்க்கு இயல்பாகவே வாய்த்தது. அச்சுநூல்கள் பெருகி, பள்ளிகளில் தாளும் பலகையும் வந்தபின் அப்பயிற்சி அருகியது.

உ.வே.சாமிநாதர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். சுவடிகள் செல்லரித்துக் கொண்டிருந்த அக்காலத்தில், அவற்றைப் படிக்க வல்லோர் வாழ்ந்திருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓலை அழிவதற்கு முன்பே அதனைப் படிக்கும் திறன் முற்றும் அழிந்திருந்தால், ஓலை இருந்தும் இலக்கியம் கிடைத்திராது.

> தெரிந்து தெளிவோம்
> பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா ஆகியனவும், அவற்றின் ஒகர, ஓகார வரிசைகளும், ணை, லை, ளை, னை ஆகியனவும் என 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் அச்சான நூல்களை இன்றைய மாணவரும் சிறிது பழகினால் படிக்கலாம். மாற்றம் சிறிதாயின் பழமையோடு உள்ள தொடர்பு அறுவதில்லை.

எதைக் கற்பிப்பது?

ஒரு பாடத்தைக் கட்டாயமாக்குமுன் அதற்குச் செலவாகும் காலத்தைக் கணக்கிட வேண்டும். அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 180 நாள்கள் இயங்குகின்றன. நாளொன்றுக்கு 15 நிமிடம் கூட்டெழுத்துக்கு ஒதுக்கினால் ஓராண்டில் 45 மணி நேரம் செலவாகும். அந்நேரம் வேறொரு பாடத்திலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். ஓவியத்திலிருந்தா, விளையாட்டிலிருந்தா, அறிவியலிலிருந்தா என்னும் வினாவுக்குச் சட்டம் விடை கூறுவதில்லை. ஆசிரியரே கூற வேண்டியிருக்கிறது. இல்லினாய் ஆளுநரின் மறுப்பில் இவ்வுண்மை அடங்கியிருந்தது. விரல் இயக்கத்தில் இடர்ப்பாடு உள்ள குழந்தைகளுக்குக் கட்டாய எழுத்துப் பயிற்சி பெருந்துன்பமாகலாம் என்பதும் கருதத்தக்கது.

மறுபுறம், பொதுப்பள்ளி ஒரு திறனைக் கைவிட்டால் அத்திறன் உலகிலிருந்து மறைந்துவிடுவதில்லை. வீட்டில் கற்பிக்க வல்ல பெற்றோரும், தனிப்பயிற்சிக்குப் பணம் செலுத்த இயன்றோரும் அதனைத் தங்கள் பிள்ளைகளுக்கு அளிப்பர். மற்றப் பிள்ளைகளுக்கு அது எட்டாது. எல்லார்க்கும் உரியதாக இருந்தது சிலர்க்கு உரியதாகும். பால்மர் காலத்தில் எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு வாய்ப்பளித்த திறன், இன்று வசதியுடையோரின் அடையாளமாக மாறக்கூடும்.

இவ்விரு பக்கங்களையும் நோக்கும்போது ஒரு வேறுபாடு தெளிவாகிறது. எழுதக் கற்றல் வேறு; படிக்கக் கற்றல் வேறு. கூட்டெழுத்தில் அழகாகவும் விரைவாகவும் எழுதப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. பிறர் எழுதியதைப் படிக்க அத்துணைக் காலம் தேவையில்லை. ஹார்வர்டு மாணவர்கள் இழந்தது எழுதும் திறனை மட்டுமாயின், விசைப்பலகை அவ்விழப்பைப் பெருமளவு ஈடுசெய்திருக்கும். படிக்கும் திறனை இழந்ததால்தான் முன்னோர் எழுதியவற்றை அறியப் பிறரைச் சார்ந்திருக்க நேர்ந்தது. பெயர்த்தெழுதித் தருபவர் தவறு செய்தால் அதனைக் கண்டறியவும் அவர்களால் இயலாது.

எனவே எல்லா மாணவரும் கையால் தெளிவாக எழுதக் கற்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. எல்லா மாணவரும் கூட்டெழுத்தைப் படிக்கக் கற்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. எல்லா மாணவரும் ஒரே சாய்விலும் ஒரே சுழியிலும் எழுத வேண்டும் என்பதற்கு அத்தகைய சான்று இல்லை. அது மரபின்பாற்பட்ட விருப்பம். மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதே அமெரிக்க விவாதத்தின் குறை. 2010இல் பின்னிரண்டும் சேர்ந்தே விடப்பட்டன. பின்னர்ச் சட்டங்களால் அவ்விரண்டும் சேர்ந்தே மீட்கப்படுகின்றன.

'இதனை ஏன் படிக்க வேண்டும்?' என மாணவர் கேட்பதைச் சோம்பலின் அடையாளமாகக் கருதுதல் கூடாது. பாடத்திட்டத்தை வகுப்போர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவும் அதுவே. 'எப்போதும் கற்பித்து வருகிறோம்' என்பது அதற்குத் தகுந்த விடையாகாது. 'இப்போது பயன்படுவதில்லை' என்பதும் முழு விடையாகாது. ஏனெனில், செர்மானியக் கடிதங்கள் பரணில் கிடந்தபோது அவற்றாலும் உடனடிப் பயன் ஏதும் இருக்கவில்லை. அக்கடிதத்தைப் பிரிக்கும் நாள் வந்தபோதுதான், எழுபது ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் கற்பிக்காமல் விடப்பட்டது எது என்பது அக்குடும்பங்களுக்குத் தெரிந்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் உள்ள பழைய கடிதம், கணக்கேடு, நிலப்பத்திரம் ஆகியவற்றுள் ஒன்றைப் பெரியோர் துணையுடன் படித்து, இன்றைய நடையில் பெயர்த்தெழுதுக. படிக்க இயலாத சொற்களைத் தனியே பட்டியலிடுக.
2. ஒரே பத்தியை ஒருமுறை தனியெழுத்திலும் மறுமுறை கூட்டெழுத்திலும் ஆங்கிலத்தில் எழுதி, எடுத்துக்கொண்ட நேரத்தையும் தெளிவையும் ஒப்பிடுக.
3. 'பள்ளிப் பாடத்திட்டத்தில் புதிதாகச் சேர்க்க வேண்டிய ஒரு பாடம்; அதற்காகக் குறைக்க வேண்டிய நேரம்' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

திறன் அறிவோம்

*பலவுள் தெரிக*

1. 'கர்சிவ்' என்னும் பெயருக்கு அடிப்படையான இலத்தீன் சொல்லின் பொருள்
அ) வளைதல்  ஆ) ஓடுதல்  இ) சாய்தல்  ஈ) இணைதல்

2. கூர்முனைக் கூட்டெழுத்தைச் செர்மானியப் பள்ளிகளிலிருந்து நீக்கிய ஆண்டு
அ) 1894  ஆ) 1911  இ) 1938  ஈ) 1941

*குறுவினா*

1. இறகுப் பேனாவுக்கும் கூட்டெழுத்துக்கும் உள்ள தொடர்பு யாது?
2. 'பின்லாந்து கையெழுத்தைக் கைவிட்டது' என்னும் செய்தி ஏன் பிழையானது?

*சிறுவினா*

1. 2010ஆம் ஆண்டுத் தரநிலைகள் கூட்டெழுத்தைத் தடை செய்யாதபோதும் அது பள்ளிகளில் மறைந்ததற்கான காரணங்களை விளக்குக.
2. ஓலைச்சுவடியைப் படிப்பதில் உள்ள இடர்ப்பாடுகளை எடுத்துக்காட்டுடன் கூறுக.

*நெடுவினா*

1. எழுதக் கற்றலுக்கும் படிக்கக் கற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, கூட்டெழுத்தைக் கட்டாயமாக்குவது குறித்த உங்கள் கருத்தைச் சான்றுகளுடன் நிறுவுக.